கெடுவதற்கென்றே செய்கிறார்களா?

"வாரண்டி முடிஞ்சு முழுசா ஒரு மாசம்கூட ஆகல, போயிடுச்சு." மிக்ஸி, வாஷிங் மெஷின், பிரின்டர், கைப்பேசி என்று பொருள் மாறும், பேச்சு மாறாது. அடுத்த வரியும் எல்லோருக்கும் மனப்பாடம்: "எல்லாம் கணக்குப் பண்ணித்தான் செய்றான்." பக்கத்தில் இருப்பவர் மறுத்துப் பேசும் சுபாவமுள்ளவர் என்றால், "நமக்குத்தாங்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரு போனை வச்சிருக்கப் பிடிக்கலை" என்பார். வீட்டுப் பெரியவர் இரண்டையும் காதில் வாங்காமல், தன் கல்யாணத்துக்கு வந்த மின்விசிறி இன்னும் சுற்றுவதைக் காட்டுவார். நாம் வாங்கிப் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றி ஊரில் உலவும் கருத்துகளில் இந்த மூன்றுதான் மிகப் பரவலானவை. மூன்றுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. எதுவும் முழுசாகத் தேறாது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக வழக்குகளிலும் ஆய்வுகளிலும் சேர்ந்திருக்கும் சான்றுகளைப் பார்த்தபின் எனக்குப் படுவது இது: நாம் சந்தேகப்படும் ஆள் சரியான ஆள்தான், அவர்மேல் சாட்டும் குற்றம்தான் வேறு.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் குண்டு பல்புக்கு வந்து சேரும். அங்கிருந்தே தொடங்கலாம். 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ், டங்ஸ்ராம் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. உலகச் சந்தையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. வீட்டு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்றும் முடிவு செய்தன. அதற்கு முன் 1,500 மணி, 2,000 மணி நேரம் எரியும் பல்புகள் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தன. உறுப்பு நிறுவனங்கள் தங்கள் பல்புகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், குறித்த அளவைத் தாண்டி எரிந்தால் அபராதம் கட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது கூட்டணி குலைந்தது. வதந்தி என்று தள்ளிவிட முடியாதபடி ஆவணங்களோடு கிடைக்கும் வரலாறு இது. "கணக்குப் பண்ணித்தான் செய்றான்" என்ற கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடும் பாதி ஒன்று இருக்கிறது. இழை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு வெளிச்சம் தரும், அவ்வளவு சீக்கிரம் ஆவியாகித் தேயும். நீண்ட நாள் எரியும் பல்பு அதே மின்சாரத்துக்கு மங்கலான வெளிச்சம்தான் கொடுக்கும். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துகொண்டிருக்கும் பல்பை அதிசயமாகக் காட்டுகிறார்கள். இன்று அது தரும் வெளிச்சம் இரவு விளக்கு அளவுக்குத்தான். பிரிட்டனில் ஏகபோகங்களை விசாரித்த ஆணையம் 1951இல் தந்த அறிக்கை, பொதுப் பயன்பாட்டு பல்புக்கு 1,000 மணி நேரம் என்பது ஆயுளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே நியாயமான சமரசம்தான் என்று சொல்லிவிட்டது. சந்தையைப் பங்கு போட்டதும் அபராதம் விதித்ததும் குற்றம். அவர்கள் தேர்ந்தெடுத்த எண் மட்டும் பொறியியல் கணக்குக்கு அவ்வளவு முரணானதல்ல. நுகர்வோர் கருவிகளின் வரலாறு முழுக்க இந்த முடிச்சு திரும்பத் திரும்ப வருகிறது. பேராசைக்கும் இயற்பியலுக்கும் ஒரே விடை கிடைத்துவிடுகிறது, எது எதைத் தீர்மானித்தது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

உள்ளேயே காலக்கெடு வைத்து விற்பார்களா என்று கேட்பவர் பிரின்டரைப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குப் பழகிய விஷயம் இது: திடீரென்று விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டும், அச்சு நின்றுவிடும். "பேட் ஃபுல் ஆயிடுச்சு, ரீசெட் பண்ணணும்" என்பார்கள். மை முனையைச் சுத்தம் செய்யும்போது வழியும் மையை உறிஞ்ச உள்ளே ஒரு பஞ்சுப் பட்டை உண்டு. அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பிரின்டர் தொட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை முறை சுத்தம் செய்தோம் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு எண்ணைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. எண்ணைப் பூச்சியமாக்கினால் மறுபடி ஓடுகிறது. மை வழிந்து மேசை பாழாகக் கூடாதே என்பது நிறுவனங்களின் விளக்கம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருபது ரூபாய்ப் பஞ்சைப் பயனரே மாற்றிக்கொள்ளும்படி எல்லா மாடல்களிலும் ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. பிரான்சில் நுகர்வோர் அமைப்பு ஒன்று கொடுத்த புகாரின்பேரில் 2017இல் எப்சன் நிறுவனத்தின்மீது விசாரணை தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 செப்டம்பரில், ஹெச்பியின் சில பிரின்டர்கள் உலகெங்கும் ஒரே நாளில் வெளி நிறுவனங்களின் மைப் பெட்டிகளை ஏற்க மறுத்தன. அதற்கான மென்பொருள் முன்பே உள்ளே இறங்கியிருந்தது, தேதிதான் அன்று வந்தது. கண்டனம் பெருகியதும் அந்தத் தடையை நீக்கிக்கொள்ள நிறுவனம் வழி செய்து கொடுத்தது. கருவிக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள் என்ற ஊர்ப்பேச்சுக்கு மிக நெருங்கி வரும் உண்மைச் சம்பவம் இதுதான்.

கைப்பேசி விஷயம் இவ்வளவு நேராக இல்லை. "புது மாடல் வந்த உடனே பழைய போன் மெதுவாயிடுது" என்று சொல்லாதவர் குறைவு. 2014 ஜூலையில் பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன் நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார். ஹார்வர்டில் முனைவர் பட்ட மாணவி ஒருவர் கூகுளில் 'ஐபோன் மெதுவாக இருக்கிறது' என்ற பொருள்பட மக்கள் எப்போதெல்லாம் தேடுகிறார்கள் என்று பார்த்திருந்தார். புது ஐபோன் வரும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேடல் செங்குத்தாக ஏறியது. சாம்சங் போன்களுக்கு அப்படி ஏறவில்லை. குற்றத்தை நிரூபித்துவிட்டோம் என்று வேறு யாராவது அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். முல்லைநாதன் நிறுத்தவில்லை. ஐபோனில் புது மாடலும் புது இயங்குதளமும் ஒன்றாக வருகின்றன, இயங்குதளம் புது மாடலின் வலுவுக்கு ஏற்ப எழுதப்படுகிறது, அதைப் பழைய போனில் ஏற்றினால் திணறத்தான் செய்யும் என்று மாற்று விளக்கம் தந்தார். தரவு எவ்வளவு பெரியதானாலும் உள்நோக்கத்தைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

மூன்று ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், பின்லாந்தின் ஃப்யூச்சர்மார்க் நிறுவனம் தன்னிடம் சேர்ந்திருந்த ஐபோன் வேக அளவீடுகளை எடுத்து ஆராய்ந்தது. இயங்குதளப் பதிப்புகள் மாறியும் ஐபோன் 5எஸ் போன்ற பழைய மாடல்களின் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மெதுவாக்குகிறார்கள் என்பது மாயை என்று பலர் முடிவு கட்டினார்கள். இரண்டே மாதம்தான். டிசம்பரில் இணையத்தில் ஒருவர், தன் ஐபோன் 6எஸ்ஸில் பேட்டரியை மாற்றியதும் இழந்த வேகம் திரும்பிவிட்டது என்று எழுதினார். கீக்பெஞ்ச் அளவீட்டு மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தன் தரவைப் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டு ஜனவரியில் வந்த 10.2.1 புதுப்பிப்புக்குப் பிறகு ஒரே மாடல் போன்கள் பல வேகங்களில் ஓடிக்கொண்டிருந்தன. 2017 டிசம்பர் 20 அன்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது: ஆமாம், பேட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தை நாங்கள்தான் குறைக்கிறோம்.

ஏன் குறைத்தார்கள்? லித்தியம் அயனி பேட்டரி ஏற்றி இறக்க இறக்க உள்ளே படலம் தடிக்கிறது, உள்மின்தடை கூடுகிறது. சிப் ஒரு நொடி அதிகமாக மின்சாரம் கேட்டால், மூப்படைந்த பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. திரையில் 40 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. அப்படி அணையாமல் இருக்கத்தான் வேகத்தின் உச்சத்தை வெட்டினார்கள். பொறியியல் என்ற அளவில் குறை சொல்ல முடியாத தீர்வு, பாதி வழியில் அணைந்துபோகும் போனைவிட மெதுவான போன் மேல். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. போன் மெதுவானதற்குக் காரணம் பேட்டரிதான், அதை மாற்றினால் சரியாகிவிடும் என்ற ஒரு வாக்கியத்தைப் பயனரிடம் சொல்லவில்லை. சொல்லாததால் எத்தனையோ பேர் "போன் பழசாயிடுச்சு" என்று நம்பிப் புதிதாக வாங்கினார்கள். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 ஆகக் குறைத்தது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம் ஆனது. பிரான்சின் நுகர்வோர் துறை 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இந்த அபராதத்தின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015இலேயே சட்டம் போட்டுக் குற்றமாக்கிய நாடு பிரான்ஸ். இரண்டு ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் என்று தண்டனையும் எழுதி வைத்திருக்கிறது. ஆப்பிள்மீது புகார் கொடுத்த நுகர்வோர் அமைப்பும் அந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் கொடுத்தது. ஆப்பிள் அபராதம் கட்டியது என்னவோ, நுகர்வோருக்குத் தகவல் தராமல் விட்டதற்காக. இத்தாலியிலும் 2018இல் ஆப்பிளுக்கு ஒரு கோடி, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. அங்கும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற பிரிவில்தான். சாம்சங் தன் நோட் 4 பயனர்களை, அந்தப் போன் தாங்காத புதுப்பிப்பை ஏற்றிக்கொள்ளும்படி வற்புறுத்தியதாக இத்தாலிய ஆணையம் கண்டது. உள்நோக்கத்தை நீதிமன்றத்தில் நிறுவுவது அநேகமாக முடியாத காரியம். 'நாங்கள் கெடுக்க நினைக்கவில்லை' என்று நிறுவனங்கள் சத்தியம் செய்யலாம், பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். 'வேணும்னே செய்றான்' என்ற நம் குற்றச்சாட்டு அவர்களுக்கு வசதியானது என்பேன். மறுக்க எளிதான குற்றச்சாட்டு எப்போதும் குற்றவாளிக்குத்தான் உதவும்.

பெரியவரின் மின்விசிறிக்கு வருவோம். அந்தக் காலத்துப் பொருள் உறுதி என்பதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. அப்போது வாங்கியவற்றில் கெட்டவை எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன, பிழைத்தவை மட்டும் நம் கண்முன் சுற்றுகின்றன. டயனோரா, சாலிடேர் டிவிகள் வீட்டுக் கூடங்களில் வீற்றிருந்த 1980களில் டிவி மெக்கானிக் எத்தனை முறை வந்து போனார் என்பதை அந்தத் தலைமுறை மறந்துவிட்டது. திரையில் வந்த 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' தொலைக்காட்சி நிலையத்தின் தடங்கல். மற்றத் தடங்கல்கள் எல்லாம் செட்டினுடையவை. ஆனால் அந்த மெக்கானிக் வந்தால் சரிசெய்ய முடிந்தது என்பதுதான் இங்கே சேதி. பின்மூடியில் நாலு திருகு. உள்ளே எந்தப் பாகம் போனாலும் கடையில் தனியாகக் கிடைக்கும். டிவியின் விலை பல மாதச் சம்பளம் என்பதால் எவ்வளவு கொடுத்தும் பழுது பார்க்கலாம் என்ற கணக்கும் பொருந்தியது. உறுதி என்று பெரியவர் நினைவில் வைத்திருப்பது பாதிக்குமேல் பழுதுபார்க்கும் வசதியைத்தான்.

பெரியவர் முழுக்கத் தவறும் இல்லை. ஜெர்மனியின் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமை ஈக்கோ இன்ஸ்டிடியூட்டைக் கொண்டு செய்வித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த விவகாரத்தில் நான் பார்த்தவற்றில் நிதானமானது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்ற பெரிய வீட்டுக் கருவிகளில், வாங்கி ஐந்து ஆண்டுக்குள் பழுதாகி மாற்றப்பட்டவற்றின் பங்கு 2004இல் 3.5 சதவீதமாக இருந்தது, 2012இல் 8.3 ஆகிவிட்டது. உறுதி குறைந்தது என்ற புகாருக்கு எண்ணே சாட்சி. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: புது ஃபிளாட் டிவி வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பழைய டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே பலவீனமான பாகத்தை வைக்கிறார்கள் என்பதற்கு ஆய்வாளர்களால் பொதுவான ஆதாரம் காட்ட முடியவில்லை. விலையைக் குறைக்க மலிவான பாகம், மலிவான பொருளைப் பழுது பார்க்கக் கட்டுப்படியாகாத கூலி, அலுத்துப்போகும் மனம் எல்லாம் சேர்ந்துதான் ஆயுளைத் தின்கின்றன.

அப்படியானால் "நாமதான் மாத்துறோம்" என்ற இரண்டாம் கருத்து ஜெயித்துவிட்டதா? டிவியில் ஓரளவு. ஆண்டுதோறும் புது மாடல் இறக்கி, பழையதை வைத்திருப்பவரைக் கூச வைக்கும் உத்தியை 1920களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃப்ரெட் ஸ்லோன் வகுத்துவிட்டார். கைப்பேசிக் காலம் அதற்குத் தவணைத் திட்டத்தையும் எக்ஸ்சேஞ்ச் சலுகையையும் சேர்த்தது. ஆனால் கைப்பேசியில் மக்கள் பத்து ஆண்டாக வேறு திசையில் நடக்கிறார்கள். உலக ஸ்மார்ட்போன் விற்பனை 2016இல் சுமார் 147 கோடியைத் தொட்டு உச்சத்தை எட்டியது. 2023இல் சுமார் 117 கோடி. புதுசில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லாதபோது மக்கள் பழையதை வைத்துக்கொள்கிறார்கள். நுகர்வோரின் மோகத்தைக் குறை சொல்வோர் இந்த எண்களுக்கு விடை சொல்ல வேண்டும்.

வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு எதிரில் என்ன நிற்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. முதலில் பசை. நோக்கியா 1100 மாடலில் இருந்த பிஎல்-5சி பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதைப் போடலாம். அந்தப் போன் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும், சந்தையில் விற்கும் மலிவு எஃப்எம் ரேடியோக்களிலும் ஸ்பீக்கர்களிலும் அதே பேட்டரி இன்றும் வாழ்கிறது. ஒரு பாகம் பொதுவானதாக இருந்தால் அதன் ஆயுள் நிறுவனத்தின் கையை மீறிவிடும் என்பதற்கு நம் கண்முன் உள்ள உதாரணம். இன்றைய போன்களில் பேட்டரி பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது, முதுகுக் கண்ணாடியைச் சூடாக்கித்தான் பிரிக்க வேண்டும். தண்ணீர் புகாமல் இருக்க வேறு வழி இல்லை என்பார்கள். 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 போனில் பேட்டரியைக் கையால் கழற்றலாம். அது தண்ணீர் புகாமைக்கு ஐபி67 சான்றும் பெற்றிருந்தது. மறு ஆண்டு வந்த எஸ்6இல் பேட்டரி மூடப்பட்டது, தண்ணீர்க் காப்பும் இல்லை. மெலிவும் கண்ணாடிப் பளபளப்பும்தான் அன்று முன்னுரிமை பெற்றன.

பசைக்கு அடுத்தது பூட்டு. 2016இல் வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன் 6கள், இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் 'பிழை 53' என்று காட்டிச் செத்துப்போயின. வெளிக்கடையில் கை வைத்ததால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதன் பிறகு பூட்டு நாசூக்கானது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரிசை எண். அந்த எண் போனின் மூளையில் பதிந்த எண்ணோடு பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வரும் அல்லது ஏதாவது ஒரு வசதி படுத்துக்கொள்ளும். ஒரே மாடலின் இரண்டு புதுப் போன்களைத் திறந்து, அவற்றின் அசல் டிஸ்ப்ளேக்களை இடம் மாற்றிப் போட்டபோதும் இதே கதைதான் நடந்தது. அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 2024இல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது.

வெளிக்கடைப் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் கைத்திறனுக்கு எந்த சர்வீஸ் சென்டரும் ஈடில்லை. "போர்டு போச்சு, போர்டையே மாத்தணும்" என்று அங்கே எழுதிக் கொடுத்ததை, இங்கே நுண்ணோக்கியில் பார்த்து ஒற்றை ஐசியை மாற்றி உயிர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் 'ஒரிஜினல்' என்று சொல்லிப் போடும் பேட்டரி ஆறே மாதத்தில் உப்பி டிஸ்ப்ளேயைத் தூக்குவதும் அதே வட்டாரத்தில்தான் நடக்கிறது. பாதுகாப்பு பற்றி நிறுவனங்கள் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. அதற்கு மருந்து அசல் பாகங்களை எல்லோருக்கும் நியாய விலையில் விற்பதுதான். விற்காமல் வைத்துக்கொண்டு போலியைக் குறை சொல்வது, ரேஷன் கடையை மூடிவிட்டுக் கள்ளச்சந்தையைத் திட்டுவது போல. மற்றபடி 2016இல் தீப்பிடித்த கேலக்ஸி நோட் 7இன் பேட்டரிகள் நிறுவனமே வாங்கிப் பொருத்தியவை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு, அதைப் பேசுவோர் குறைவு. உதிரி பாகங்களைச் சுதந்திரமான மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கைப்பேசியில் இந்தத் தர்க்கம் உலகில் பல இடங்களில் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே காரில் நம் ஆணையம் அதைத் தெளிவாக எழுதிவிட்டது. பூட்டுக்கும் பாகப் பதுக்கலுக்கும் உள்நோக்கம் தேடிக்கொண்டிருக்காமல், பழுது பார்க்கும் சந்தையை ஒருவரே கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதுதான் அந்த உத்தரவின் பலம்.

கடைசியாக ஒரு தடை, இப்போதைக்கு மிகப் பெரியது. போனில் ஒரு கீறல்கூட இருக்காது, ஆனாலும் அது முடிந்துவிடும். 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1க்குக் கீழ்ப்பட்ட போன்களில் வாட்ஸ்அப் ஓடவில்லை. ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றும் அன்றோடு பலருக்குப் பயனற்றுப் போயின. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் புதிய தலைமுறை ப்ராசசரும் இல்லாததால், நன்றாக ஓடும் கணினிகள் ஏராளமாக வெளியே நிறுத்தப்பட்டன. "அப்டேட் போட்டா மெதுவாயிடும்" என்று தவிர்ப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத போனில் வங்கிச் செயலியை வைத்திருப்பது வேகக் குறைவைவிடப் பெரிய ஆபத்து. அந்தப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் வரும் என்பதை முடிவு செய்வது போன் நிறுவனம் மட்டும் அல்ல. சிப் நிறுவனம் தன் பக்க ஆதரவை நிறுத்திவிட்டால் இவர்களால் நகர்வது கடினம் என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட சமாதானம்.

அந்தச் சமாதானம் எவ்வளவு தாங்கும் என்று நெதர்லாந்தின் சின்ன நிறுவனம் ஒன்று காட்டிவிட்டது. ஃபேர்போன் 2015இல் விற்பனைக்கு விட்ட ஃபேர்போன் 2க்கு, சிப்பைச் செய்த குவால்காம் கைவிட்ட பிறகும், 2023 வரை புதுப்பிப்பு கொடுத்தது. அதே 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டு என்று அறிவித்தது. மூன்று மாதத்தில் சாம்சங் தன் எஸ்24க்கு அதையே சொன்னது. பேட்டரியிலும் இப்படித்தான்: 500 முறை ஏற்றிய பின் 80 சதவீதம் கொள்ளளவு என்று சொல்லிவந்த ஆப்பிள், ஐபோன் 15 வரிசைக்கு 2024 பிப்ரவரியில் மறுசோதனை செய்து 1,000 முறை என்று மாற்றிக்கொண்டது. இரண்டு ஆண்டுதான் முடியும் என்றவர்கள் ஏழு தருகிறார்கள், 500 என்றவர்கள் 1,000 என்கிறார்கள். இயற்கை விதி மாறவில்லை. ஐரோப்பாவில் சட்டம் வருகிறது என்பது தெரிந்திருந்தது, விற்பனையும் தேங்கியிருந்தது.

அந்தச் சட்டம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போனின் பேட்டரி 800 முறை ஏற்றிய பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும். விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பும், ஏழு ஆண்டுகளுக்கு முக்கியப் பாகங்களும் கிடைக்க வேண்டும். விலை உயர்ந்த மாடலுக்கு மட்டும் என்ற பேச்சு இல்லை. நம் ஊரில் ஏழு ஆண்டு வாக்குறுதி பெரும்பாலும் விலை உயர்ந்த போன்களோடு நின்றுவிடுகிறது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்குபவர்தான் போனை அதிக நாள் வைத்திருக்க வேண்டியவர். அவருக்குத்தான் ஆயுள் குறைந்த போன் கிடைக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையத் தளமும் திறந்தது. பல நிறுவனங்களின் சேவை விவரங்கள் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. பார்த்தவர்கள் எத்தனை பேரோ. அடுத்து அமைத்த குழு, பொருளை விற்கும் இடத்திலேயே பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும் என்று 2025இல் பரிந்துரைத்தது. பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து கடைகளில் கண்ணுக்குத் தெரியும்படி இப்படி ஒரு மதிப்பெண் இருக்கிறது.

மதிப்பெண் நம் கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும், அசல் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், டிஸ்ப்ளே உடைந்தால் என்ன விலை. பதில் தெரியாமல் கடைக்காரர் விழித்தால் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள், அங்கும் இல்லையென்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் போன் மெதுவாகிவிட்டது என்றால், புதுசுக்குத் தவணை போடும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.